இதர செலவு

விண்ணப்பத்தின் பதினான்காம் கட்டத்தில்
நிர்வாகச் செலவு ஏழு வீதத்தைத் தாண்டலாகாது என்றிருந்தது.
ஏழு வீதத்துக்குள்
பன்னீரின் இராத்தூக்கத்தை மடக்கி வைத்துப் பார்த்தேன்.
கால் வெளியே நீண்டது.

பூண்டுலோயா கடைத்தெருவில்
கோழிக்கடைக்கு மேல்மாடி எங்கள் ஆபீஸ்.
ஒரு மேசை, ஒரு போன், மழைக்கு ஒரு வாளி.
இராத்திரியில் போன் அடித்தால்
ஏதோவொரு டிவிஷனில் ஒருத்திக்கு
நீர்க்குடம் உடைந்திருக்கும்.
பன்னீர் எழும்பி வேனை எடுப்பான்.
நான் கணக்கு எழுதுகிறவள்,
காலையில் மைலேஜ் குறிப்பேன்.

வேன் தந்தவர்கள் நல்லவர்கள்.
கதவில் தங்கள் சின்னத்தை ஒட்டி
நாடா வெட்டி, எல்லோருக்கும் கேக் கொடுத்து
படம் எடுத்துப் போனார்கள்.
டீசலுக்குக் கேட்டோம்.
டீசல் எங்கள் கொள்கையில் இல்லை என்று
மிக மரியாதையாக எழுதினார்கள்.
அடுத்த வருசம் வேறொருவர் வந்து
இன்னொரு வேன் தரட்டுமா என்றார்.

மூன்று கொடையாளிக்கு மூன்று ரிப்போட்.
ஒருவருக்குத் தாய்மார் வயதுவாரியாக,
ஒருவருக்குத் தோட்டவாரியாக,
மூன்றாமவருக்கு
மனமாற்றம் எத்தனை பேருக்கு என்று.
கொழுந்தென்றால் தராசில் போடலாம்.
அதிலேயே ஈரத்துக்கென்று
இரண்டு கிலோ கழிக்கிறார்கள்.

பங்குனியோடு திட்டம் முடிந்தது.
அடுத்த காசு ஆவணியில் என்றார்கள்.
நடு மாதங்களிலும் பிள்ளைகள் பிறந்தன.
கோமளா இரண்டு மாதம் பொறுத்தாள்.
மூன்றாம் மாதம்
கொழும்பில் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போய்விட்டாள்.
எந்த லயத்தில் எவளுக்கு பிரஷர்,
எந்தப் புருசன் கைநீட்டுவான்,
எவன் டோர்ச் பிடித்து ரோட்டுவரை கூட வருவான்,
எந்த வளைவில் மண் சரியும்,
எல்லாம் அவளோடு பஸ் ஏறிப் போயின.
இந்த நட்டத்தை எழுத ஒரு கட்டம் தேடினேன்.
'இதர' என்று கடைசியில் ஒன்று இருந்தது.
உச்சவரம்பு ஐயாயிரம் ரூவா.

நிலந்தி மிஸ் வந்தது ஒரு மழைநாளில்,
கொழும்பு அறக்கட்டளை ஒன்றிலிருந்து.
சிங்களமும் உடைந்த தமிழுமாகப் பேசினார்.
வாளி நிரம்பியதும்
தானே எழுந்து ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.
காசு வராததால் எது எது நின்றது என்று கேட்டார்.
என் கொப்பியின் பின்பக்கங்களைத் திருப்பி
அவர் முன் வைத்தேன்.
ரொம்ப நேரம் வாசித்தார்.
அல்லது, தமிழ் எழுத்துக் கூட்டுவதற்கு
அவ்வளவு நேரம் பிடித்திருக்கலாம்.

ரிப்போட் எப்படி வேண்டும் என்றேன்.
"மத்தவங்களுக்கு எழுதினதில ஒரு கொப்பி போதும்.
பிழைச்சதையும் எழுதுங்க."
தவறிப்போனதைத்தான் சொன்னார்.
எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு
உயிர் தப்பியது என்று பொருள்.
இரண்டையும் எழுதினேன்.

மூன்று வருசத்துக்கு, கட்டமில்லாத காசு.
உண்மையைச் சொன்னால் பயந்துபோனேன்.
எந்தத் தலைப்பில் வரவு வைப்பது?
பன்னீரின் ஐந்து மாதப் பாக்கி.
நாலு டயர்.
கூரைக்குத் தகரம்.
பிறகு கோமளாவுக்குப் போன் எடுத்தேன்.

"இப்ப சம்பளம் நிக்காதா அக்கா?"
"மூணு வருசத்துக்கு நிக்காது."
"அதுக்குப் பொறகு?"
அவள் பக்கம் குக்கர் விசிலடித்தது.
நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

அவள் வரவில்லை.
ஞாயிறு இரவுகளில் மட்டும் போனில்
லயம் லயமாகச் சொல்கிறாள்.
புதிதாய்ச் சேர்ந்த இதயராணி எழுதிக்கொள்கிறாள்.
மூன்றாம் இலக்க லயத்துக்கே
நாலு ஞாயிறு போய்விட்டது.
இதயராணிக்கு இது சம்பளம் கிடைக்கும் வேலை.
எந்த ரிப்போட்டிலும்
இதற்குப் படம் கேட்கவில்லை.

போன கிழமை,
வேன் தந்தவர்களிடமிருந்து ஒரு தபால்.
கதவிலிருந்த சின்னம் மங்கிவிட்டதாம்,
புதிது அனுப்பியிருந்தார்கள், பெரிதாக.
ஒட்டி, படமும் எடுத்து அனுப்பினோம்.
கதவின் அடிப்பக்கம் துரு தின்ற ஓட்டைக்கு மேல்
பன்னீர் அதைச் சரியாகப் பொருத்தினான்.
இப்போது
படுத்து வருகிறவள் மேல்
சாரல் அடிப்பதில்லை.