காணும்

அப்பா செத்தது தடைக்காலத்தில்.
மண்டபம் வடகரையில் ஒரு இஞ்சினும் ஓடவில்லை.
ஒன்பது படகுகளின் வயிறு திறந்து கிடந்தது.
திறந்தவர் ஆஸ்பத்திரியிலிருந்து
வெள்ளைத் துணியில் வந்தார்.

முகாம் பதிவேட்டில் அவர் பெயர் வஸ்தியன்.
வஸ்தியாம்பிள்ளை என்று முழுசாய் எழுத
அந்தக் கட்டத்தில் இடமில்லையாம்.
"இடம் தந்ததே காணும், ஐயா" என்றாராம் அப்பா.
எதைக் காணோம் என்று
மேசைக்கு அடியில் குனிந்தாராம் எழுத்தர்.

பேசாலையில் காணும் என்றால் போதும்.
இந்தக் கரையில் அது தொலைந்துபோன சாமான்.
முனியராஜ் வேலைக்குச் சேர்ந்த புதிதில்
நட்டை இறுக்க இறுக்க, "காணும், காணும்" என்பார் அப்பா.
அவன் ஸ்பானரைப் போட்டுவிட்டு
படகின் அடித்தண்ணீரில் கைவிட்டுத் துழாவுவான்.

தொண்ணூறில் வந்தோம். எனக்கு நாலு வயது.
இருபத்திரண்டு பேர், பதினைந்து குதிரை இஞ்சின் ஒன்று.
மூன்றாம் திட்டு தாண்டியதும் அது நின்றது.
அம்மாவின் சேலைத் தலைப்பால் பிளக்கைத் துடைத்து,
வாயால் ஊதி, மறுபடி மாட்டி,
பதினோராவது இழுப்பில் எடுத்தார்.
பிறகு ஓடும் படகில் அவர் ஏறியதே இல்லை.
கட்டிக்கிடக்கும் படகில் இறங்குவார், வேலையை முடிப்பார்.
ஓட்டிப் பார்க்க வா என்றால்
ஜெட்டி நுனியில் நின்றுகொள்வார், தலையைச் சாய்த்து.
படகு தீவுப் பக்கம் திரும்புமுன்பே சொல்வார்:
"ரெண்டாவது நாசில் அடைச்சிருக்கு. வரச் சொல்லு."

அம்மா விடியுமுன் நண்டு கம்பெனிக்குப் போய்விடுவாள்.
எனக்குச் சடை பின்னியது அவர்தான், எட்டு வருஷம்.
மண்ணெண்ணெயில் ஒருதரம், சோப்புத்தூளில் இருதரம் கழுவியும்
என் ரிப்பனில் டீசல் மணக்கும்.
பள்ளியில் என் பெயர் லேலண்டு.
வந்து அழுதேன்.
மறுநாள் எலுமிச்சைத் தோலும் சேர்த்துத் தேய்த்தார்.
மணம் போகவில்லை.

நல்லவர் என்று மட்டும் சொன்னால் தம்பி சிரிப்பான்.
கடலுக்குப் போகிறேன் என்று அவன் நின்ற அன்று
பறந்து வந்த ஸ்பானர் வெட்டிய தழும்பு
இன்னும் சுவரில் இருக்கிறது.

நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர் வந்தார்,
இரட்டைச் சம்பளம், பாஸும் வாங்கித் தருவதாக.
அப்பா அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்தார்.
"பின்னேரம் ஆறு மணிக்குத் தலை எண்ணுவாங்கள், ஐயா."
பொய். அதிகாரி எண்ணுவது மாதம் இரண்டு தரம்.
ஆறு மணிக்கு எண்ணியவர் அவர்தான்,
வாசலில் நின்று, விரல் மடக்கி:
அம்மா, நான், ஜெறோம்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள்
படகுக்காரர்கள் வந்து தொண்டையைச் செருமினார்கள்.
புரிந்தது. தடை முடியப் பன்னிரண்டு நாள்.
எந்த போல்ட் எந்தப் படகுடையது என்று
அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.
கட்டிலுக்கு அடியில் சிமெண்டுத்தாள் பொட்டலங்கள்.
பென்சில் எழுத்து எனக்கு மட்டுமே விளங்கும்,
நானே வாசித்தேன்.
"நல்லதம்பி போட். தலை போல்ட் பதினாறு.
ஒன்றில் மரை தேஞ்சிட்டுது, புதுசு வாங்க வேணும்."
"இபுறாகிம் போட். வாஷர் ஆறு.
காசு கேட்கிறதில்லை, மகளுக்குக் கல்யாணம்."
இபுறாகிம் மாமா பொட்டலத்தை வாங்கி
வெகுநேரம் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படகுகள் கடலுக்குப் போன அன்று, இருட்டோடு,
மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தேன்.
வடக்கே இஞ்சின்கள் ஒவ்வொன்றாக ஸ்டார்ட் ஆயின.
ஒன்று இருமியது.
நாசிலா, காற்றுப் பிடித்ததா, எனக்குத் தெரியாது.
முனியராஜுக்குத் தெரிந்தால் சரி.
ரிப்பனை இழுத்து முடிச்சுப் போட்டேன்.
காணும், என்றது என் வாய்.

"என்ன காணோம்மா?"
பாதித் தலையோடு திரும்பினாள் மகள்.
"கட்டிலுக்கு அடியில பார்க்கட்டா?"