ஆரை

கவராயம் மகனுடையது.
கந்தோர்க் கவராயத்தின் திருகு கழன்று
இரண்டு வருடம்.
கோரிக்கைக் கடிதம் வலயத்தில் கிடக்கிறது.

படத்தை மேசையில் விரித்து
காற்றாடிக்குப் பறக்காமல்
தண்ணீர்ப் போத்தல், ஸ்டாப்ளர்,
பழைய சுற்றறிக்கைக் கட்டு இரண்டு, மூலைக்கொன்று.
வீட்டில் ஊசி. பாடசாலையில் பென்சில்.
ஒரு சுற்று.
உள்ளே அகப்படும் வேறு பாடசாலை ஒவ்வொன்றுக்கும்
ஐந்து புள்ளி கழி.

கணக்கு ஆங்கிலத்தில், சித்திரம் சிங்களத்தில்,
இடைவேளை மட்டும் தமிழில் நடக்கும்
முதலாம் தர வகுப்பு. ஏழாவது வருடம்.
முப்பத்தைந்து கதிரை.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு விண்ணப்பம்.

கோட்டைமுனைக்கு விரலிடை போதும்.
வட்டத்துக்குள் ஒரு பல் வைத்தியர்,
ஒரு பேக்கரி, நகைக்கடை மூன்று.
கழிக்க ஒன்றுமில்லை.

பதினொரு குடும்பம்
ஒரே மின்மானி இலக்கத்தில் வசிக்கிறது.
பார் வீதியில் அந்த வீட்டைப் பார்த்திருக்கிறேன்:
ஓர் அறை, ஒரு கிணறு, கட்டிப்போட்ட நாய்.
வாடகைப் பற்றுச்சீட்டுப் பதினொன்றும்
ஒரே பேனையின் நீலம்.
குறிப்பெழுதி மேலே அனுப்பினேன்.
மேலேயிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

திராய்மடுவிலிருந்து வந்தவர்
தகப்பனின் நாவலடிக் காணி உறுதியை நீட்டினார்.
உறுதி இருக்கிறது.
வீடு இருந்த இடத்தில் மணல் இருக்கிறது.
ஊசியை எங்கே குத்துவது?

பிறகு கேதாரணி.
கன்னங்குடாவிலிருந்து முதல் பஸ்.
வலையிறவுப் பாலத்தில் பிள்ளை சத்தியெடுத்ததாம்,
சட்டையைக் கழுவி ஈரத்தோடு
கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.
பொய் முகவரி ஒன்றும் கொண்டுவரவில்லை.
அதற்கு வசதி வேண்டும்.

கவராயம் அவ்வளவு அகலம் விரியவில்லை.
அமத்தினேன். ஊசி வளைந்தது.
நூல் கட்டி இழுத்தேன்.
கோடு படத்தைத் தாண்டி
மேசைப் பலகையில் போய்த் திரும்பியது.

உள்ளே பதினான்கு பாடசாலை.
பதினான்கு ஐந்து எழுபது.
புள்ளி பூச்சியத்துக்குக் கீழே போகாது என்கிறது
சுற்றறிக்கை, பந்தி ஒன்பது.
இரக்கம் அந்தப் பந்தியோடு முடிகிறது.

"இந்தப் பதினாலில
இங்கிலீஸ் டீச்சர் இருக்கிற பள்ளி எத்தினை மிஸ்?"

ஒன்று.
அவரும் பிரசவ லீவு.

குனிந்து பார்த்தாள்.
நடுவில் நீளமாகக் கிடக்கும் நீலத்தில் விரலை வைத்தாள்.
"இது?"
வாவி.
"மறுகா, தண்ணிக்கும் புள்ளி வெட்டுவீங்களா?"
இல்லை. தண்ணீரில் பள்ளிக்கூடம் இல்லை.
"அப்ப தண்ணிக்குள்ளயே குடியிருந்திருக்கலாம்"
என்று சிரித்தாள்.
பக்கத்து மேசையும் சிரிக்கும் என்று நினைத்திருப்பாள்.

பிள்ளை, யதுசிகா,
கவராயப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.
மூடியில் ஆங்கிலத்தில் ஒரு பெயர்,
ஸ்டிக்கரில், கோணல்மாணலாக.
இது என்ன எழுத்து என்று கேட்டது.
என் மகனின் பெயர் என்றேன்.
அவன் அந்த வகுப்பில் படித்தவன் என்று சொல்லவில்லை.
கல்வி அலுவலர் பிள்ளைகளுக்கென்று
சுற்றறிக்கையில் தனியாக ஒரு வரி உண்டு.
எங்கள் வீட்டுக்கு யாரும் வட்டம் கீறவில்லை.

நாலேகாலுக்குப் படத்தை மடிக்கும்போது
யன்னல் வெளிச்சத்தில் கண்டேன்.
எழுவான்கரை அரிதட்டுப்போல,
ஏழு வருடத்து ஊசி.
ஒழுங்கை ஒழுங்கையாகத் துளை.
படுவான்கரைப் பக்கம்
தாள் இன்னும் புதுசு.
ஒரேயொரு ஓட்டை,
அதுவும் ஊசி சறுக்கிக் கிழிந்தது.

இரவு மகன் பெட்டியைத் திறந்தான்.
ஊசியை யார் வளைத்தது என்று கேட்டான்.
ஆங்கிலத்தில்தான் கேட்டான்.
விளங்காததுபோல இருந்துவிட்டு
சோறு போட்டேன்.