தூரிகை கழுவும் குவளை

பகலில் நான் பல் செய்கிறவள்.
மனாமாவில், மருந்துக்கடைக்கு மேலே,
சன்னல் இல்லாத குளிர் அறையில்
முகம் பார்த்திராத வாய்களுக்குப்
பீங்கான் பொடியைக் குழைத்து
மெல்லிய தூரிகையால் அடுக்கடுக்காய் ஏற்றி
தொள்ளாயிரம் டிகிரியில் சுட்டு எடுப்பேன்.
தேநீர்க் கறைக்கு ஒரு நிறம் உண்டு.
சிகரெட்டுக்கு ஒன்று.
ஐம்பது வயதுக்கு ஒன்று.
நல்ல பல் என்பது
செய்ததே தெரியாத பல்.
மேலாளர் இதைச் சொல்லும்போதெல்லாம்
தன் பல்லைக் காட்டிச் சிரிப்பார்.
அதுவும் நான் செய்ததுதான்.

குதைபியாவில் என் அறை.
ஏசி சொட்டுகிற தண்ணீரை
பழைய தயிர் வாளியில் பிடித்து வைக்கிறேன்.
குழாய்த் தண்ணீரில் கடல் இன்னும் மிச்சமிருக்கிறது,
காய்ந்ததும் நீலத்தின் மேல் வெள்ளையாய்ப் பூக்கும்.
இது காற்றின் வியர்வை. உப்பில்லாதது.

ஆகஸ்டில் தாள் காயாது.
வானத்தைத் தீட்டி வைத்துவிட்டுச்
சோறு வடித்து, துணி மடித்து வந்தாலும்
வானம் ஈரமாகவே கிடக்கும்,
பள்ளிவாசல் கோபுரம் மெல்ல அதற்குள் இறங்கும்.
ஜூனில் ஷமால் அடித்தால்
தூரிகையை எடுக்குமுன் விளிம்பு காய்ந்துவிடும்.
எப்படியானாலும் திருத்த முடியாது.
எனக்குப் பிடித்ததே அதுதான்:
அரை மில்லிமீட்டர் தேய்,
இன்னும் கொஞ்சம் தேய் என்று
யாரும் போன் செய்ய மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் ஆலிக்குப் போகிறேன்.
நாலாயிரம் வருடத்துப் புதைமேடுகளின் பக்கத்தில்
அப்துன்னபியின் சூளை.
ஒன்றைச் சுட முந்நூறு ஃபில்ஸ்,
வெடித்தால் காசு திரும்பாது.
ஏன் திரும்ப வேண்டும்?
சுவருக்குள் காற்றுக்குமிழை விட்டது என் விரல்.

நான் மண் பிசைவதைப் பார்த்து ஒருநாள் கேட்டார்:
"எங்கே வேலை, ரொட்டிக் கடையிலா?"
பல், என்றேன்.
வாயைத் திறந்து
காலியான கடைவாயைக் காட்டினார்.
எத்தனை தினார் என்றார். சொன்னேன்.
வாயை மூடிக்கொண்டார்.

சக்கரத்தில் விழாமல் நின்ற முதல் குவளை
ஒரு பக்கம் சாய்ந்தது.
மெருகு பூசாமல் சுட்டு
தூரிகை கழுவ வைத்துக்கொண்டேன்.
மண் தண்ணீர் குடித்தது. மேசை நனைந்தது.
அடியில் ஒரு தட்டை வைத்தேன்.
"ஓட்டைக் கப்" என்றாள் அறைத்தோழி ரொவீனா.
ஓட்டை இல்லை, கசிவு.
இரண்டும் வேறு.
விளக்கப் போய்
அவளுடைய பேருந்து போய்விட்டது.

மூன்று மாதம் ஆயிற்று.
உள்ளே கழுவியதெல்லாம்
வெளிச்சுவரில் வந்து நிற்கிறது:
அடியில் காவி,
அதற்கு மேலே, நான் தீட்டித் தோற்ற
அத்தனை கடல்களின் நீலம்,
உப்பில்லாத தண்ணீருக்கு
எங்கிருந்தோ ஒரு வெள்ளை விளிம்பு.
கட்டைவிரல் அழுந்திய பள்ளத்தில்
நிறம் கூடிக் கருத்து
ரேகை ஒன்று விடாமல் தெரிகிறது.
நான் வரைந்ததிலேயே நல்லது இது.
நான் வரையவில்லை.

இன்று வேலையில் ஒரு கடைவாய்ப் பல்.
ஏ-த்ரீ நிறம், தேநீர் குடிக்கிற ஆள்.
சுடுவதற்கு முன்
உள்பக்கம், கண்ணாடிக்கும் எட்டாத இடத்தில்
நகத்தால் மெல்ல ஒரு பள்ளம் இட்டேன்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு நிரப்பிவிட்டேன்.

நாக்கு கண்டுபிடித்துவிடும்.