சுழியம் புள்ளி சுழியம்

எஸ்தோனியாவுக்கு இந்த ஜனவரி
பனியாக வரவேண்டியது, மழையாக வந்தது.
வந்தது காலணியைக் கழற்றவுமில்லை
கிளம்பவுமில்லை.

வானிலை நிலையத்துக் கூரையில்
ஒரு கண்ணாடி உருண்டை.
வெயில் பட்டால்
பின்னாலிருக்கும் நீல அட்டையில்
பழுப்பாய் ஒரு கோடு சுடும்.
அது ஒன்றுதான் அதற்குத் தெரியும்.
இருட்டியதும் ஊர்வே ஏணியேறி
அன்றைய அட்டையை உருவுவாள்
மறுநாளுடையதைச் செருகுவாள்.

முதல் தேதி, நீலம்.
இரண்டு, நீலம்.
ஒன்பதில் ஒரு கடற்காகம் எச்சமிட்டிருந்தது.
அதையும் குறிப்பில் எழுதினாள்,
எழுத வேறென்ன இருக்கிறது.

தீவுக்குப் போகும் பனிச்சாலை திறக்கவில்லை.
கடல் கடலாகவே இருந்தது.
வழிகாட்ட நடவேண்டிய ஜூனிப்பர் கிளைகள்
கிடங்கில் கட்டுக்கட்டாய்ச் சாய்ந்திருந்தன.
பனியைத் துளைக்கும் துரப்பணத்துக்குத்
தினமும் எண்ணெய் போட்டார் லெம்பித்.
பிறகு கடையில் வாங்கிய மீனை
யார் முகத்தையும் பார்க்காமல் தின்றார்.

சதுப்புக்காட்டு ஊர்களில்
வெள்ளத்துக்கு ஐந்தாம் பருவம் என்று பெயர்.
மார்ச் கடைசியில் வரவேண்டியது
நாலாவதை வாசலிலேயே மறித்துக்கொண்டு
முன்னால் வந்து நின்றது.
தபால் படகில் போனது.
குகை நனைந்து எழுந்த கரடியொன்று
சாலையோரம்
பேருந்தைத் தவறவிட்டவர் போல நின்றதாகப்
பால்வண்டிக்காரர் சொன்னார்.

கோட்டுகளில் தொங்கும் ஒளிதிருப்பி வில்லைகள்
பகல் பதினொரு மணிக்கே மினுங்கின.
மருந்துக்கடையில் வைட்டமின் டி தீர்ந்தது.
வானொலிப் பெண் "மேகமூட்டம்" என்றாள்,
கொஞ்சம் யோசித்து
பாட்டுக்குப் போய்விட்டாள்.

பத்தொன்பதாம் தேதி அட்டையில் ஓர் ஓட்டை.

சிறியது. வட்டம். ஓரம் கரிந்திருந்தது.
விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள் ஊர்வே.
வெயில் வட்டமாகச் சுடாது.
அது நிற்கத் தெரியாதது,
கீறிக்கொண்டேதான் போகும்.
மோந்தாள்: புகையிலை.

கொதிகலன் அறையில் வம்போலாவுக்குக்
காதுமடல் வரை சிவந்தது.
"இறங்கி வரும்போது உன் முகம்
பார்க்கச் சகிக்கவில்லை, அதனால்தான்."
அவள் திட்டவில்லை.
அவருக்கும் சேர்த்துக் காபி ஊற்றினாள்.
பிறகு மேலே போய்
பத்தொன்பதுக்கு நேரே எழுதினாள்,
சுழியம் புள்ளி சுழியம்.

தூறல் அலுத்தபோது சாரல்
சாரல் அலுத்தபோது அடைமழை
அடைமழைக்கு மூச்சு வாங்கியபோது
மறுபடி தூறல்.

முப்பத்தொன்றாம் தேதி
பல் மருத்துவரிடம் வாயைத் திறந்து படுத்திருந்தாள்.
அந்த மாதம் அவள்மேல் விழுந்த
ஆகப் பெரிய வெளிச்சம்
அவருடைய விளக்குதான்.
மரத்த கன்னத்தோடு மாலையில் ஏணியேறினாள்.

அட்டையில்,
ஒரு மணிக்கும் இரண்டுக்கும் நடுவே
நகக்கண் அளவுகூட இல்லாத
ஒரு கீறல்.
நாலு நிமிடம். மிஞ்சினால் ஆறு.

கடையில் கேட்டாள். பேருந்தில் கேட்டாள்.
கோணிய வாயோடு
பள்ளிக்கூடத்துக் காவலாளியைக் கேட்டாள்.
யாரும் பார்க்கவில்லை.
எல்லோரும் குட்டை பார்த்து
நடந்துகொண்டிருந்தார்கள்.
வம்போலா ஒரு கண்ணைச் சிமிட்டி,
"நீயுமா?" என்றார்.

மோந்தாள்.
சுட்ட காகிதம். வேறொன்றுமில்லை.

சுழியம் புள்ளி ஒன்று என்று எழுதியபோது
புள்ளி கொஞ்சம் பெரிதாக விழுந்தது.
முப்பத்தோர் அட்டைகளையும் உறையிலிட்டு
தாலின் முகவரி எழுதி
அஞ்சல்பெட்டி வரை
கோட்டுக்குள் வைத்து நடந்தாள்,
நனைந்துவிடக் கூடாதே என்று.