ஹெல்வேயின் இழுப்பறை

வோரு ஏரி உறைந்திருந்த காலை.
பள்ளிப் பேருந்தின் கடைசி இருக்கையில்
தார்மோ கிசுகிசுத்தான்:
"தலைமையாசிரியை ஹெல்வே
இழுப்பறையில் ஒரு பல் வைத்திருக்கிறார்."

நடு இருக்கைக்கு வருவதற்குள் அது பன்னிரண்டு பல்.
முன்னால் போய்ச் சேரும்போது
ஒரு இடுக்கியும் முளைத்துவிட்டது,
இடுக்கியில் கொஞ்சம் ரத்தமும்.
ஓட்டுநர் பனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஆனாலும் வாயை இறுக மூடிக்கொண்டார்.

நான் லேலோ. ஏழு வயது.
கீழ்வரிசையில் ஆடும் பல் ஒன்று.
நாக்கே, சும்மா கிட என்றேன்.
நாக்கு என்றைக்குச் சொன்னதைக் கேட்டது?

மதியம் பீட்ரூட் சூப், கறுப்பு ரொட்டி.
ரொட்டியின் ஓரத்தைக் கடித்தேன்.
டக்.
உள்ளங்கையில் பல்.
சூப் எது, ரத்தம் எது, தெரியவில்லை.
எதிரே உட்கார்ந்திருந்த தார்மோதான் அழுதான்.

அந்த அறைக்கே என்னை அனுப்பினார்கள்.
இழுப்பறை கிரீச்சிட்டுத் திறந்தது.
உள்ளே தீப்பெட்டிகள், பெட்டிக்கொரு பெயர்.
"மணி அடிக்கும்வரை இங்கே பத்திரமாய் இருக்கட்டும்,"
என்றார் ஹெல்வே.
தூசி படிந்த பெட்டி ஒன்றில்
தார்மோவின் பெயர்.
வாங்கிப் போக வரவே இல்லையாம், பயந்தாங்கொள்ளி!

மாலைப் பேருந்தில் எல்லோரும் மொய்த்துக்கொண்டார்கள்.
ஓட்டையைக் காட்டினேன்.
"இடுக்கியாலா?"

சன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
பெருமூச்சு ஒன்று விட்டேன்.

"இரண்டு இடுக்கி."