பன்னிரண்டும் பன்னிரண்டும்

மானிப்பாய் ஆஸ்பத்திரியில்
ஒருவரும் உரிமை கேட்டு வராத உடல்.
பனையால் விழுந்தவன்.
"பன்னிரண்டும் பன்னிரண்டும்" என்றபடி வந்தவர்
சோற்றைத் தொடவில்லை.

உடுவில் பள்ளியில் எனக்குச் சொல்லித்தந்தது வேறு:
ஆணுக்கு ஒரு விலா குறைவு.
அந்தக் குறைதான் நான்.
பிழையின்றி ஒப்புவித்ததற்கு
ஓர் ஊசிப்பெட்டி பரிசு.

மாமி வேதத்துக்கு வராதவ.
"எழுபத்தீராயிரம் நாடி.
அதை எண்ணினவரோ உங்கட துரை?"
"நாடியைக் காணேல்லை அம்மா."
"செத்தவனில தேடினா?" என்றா குசினிக்குள் இருந்து.
இவரிடம் பதில் இல்லை.

ஞாயிறு பிரசங்கம். ஏதேன். அயர்ந்த நித்திரை.
பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாய்ப் பிடித்திருந்தார்.

அன்றிரவு லாம்பைக் கிட்ட வைத்து
சட்டையைக் கழற்றச் சொன்னேன்.
கீழிருந்து எண்ணினேன். கூச்சத்தில் நெளிந்தார்,
இரண்டு தரம் பிழைத்தது.
இடம் பதினொன்று. வலம் பதினொன்று.
என்னிலும் அதேதான்.

"முதலாவது அகப்படாது," என்றார்,
"இந்த எலும்புக்கடியில ஒளிச்சிருக்கு."
விரல் என் கழுத்தடியில் நின்றது.

"அப்ப என்னை எதால செய்தது?"

வெளியே நாய் குரைத்து ஓய்ந்தது.
பிறகு பாடக்கொப்பியை இழுத்தார்.
"ஒளிக்கிற இந்த எலும்புக்குத் தமிழில
என்ன பேர் போடலாம், ஞானப்பூ?
இங்கிலிசு வாயில நிக்குதில்லை."

காறை கிடக்கிற இடம், என்றேன்.
காறையெலும்பு என்று எழுதி
மை காய ஊதினார்.

காறை வைகாசியில் அடகு வைத்தது,
இவர் படிப்புக்கு.
இன்னும் மீட்கவில்லை.