ஏழு நொடி

தடாவில் பஸ் நின்றால்
பாதிப் பேர் தெலுங்கில் இறங்குவார்கள், பாதிப் பேர் தமிழில்.
ஆரம்பாக்கத்திலிருந்து நான்.
வரதய்யபாளையத்திலிருந்து நாகமல்லேஸ்வரி.
கேட்டைத் தாண்டிவிட்டால் எல்லோரும் சேர்த்து
பன்னிரண்டு ஸ்டூல்.

"தோ சார், தோ வரார்" என்போம்.
பெயரே அதுதான், தோ.
பின்னால் ஹியான்-க்யூ என்று ஒன்று உண்டு,
அது யார் வாயிலும் நுழையவில்லை.
கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் அட்டை.
எங்கள் விரல்களை எண்ண வந்தவர்.
ஒயரை எடு, நுனியைச் செருகு, டேப் சுற்று, தள்ளு.
இதில் எந்த மடிப்பில் ஒரு நொடி ஒளிந்திருக்கிறதோ
அங்கே போய் நிற்கும் அவர் பேனா.

ஒரு நைட் ஷிப்டில் கரண்ட் போய்
ஜெனரேட்டரும் இருமி இருமி அடங்கிவிட்டது.
அப்போதுதான் பேசினார்.
பாதி இங்கிலீஷ், கொஞ்சம் தெலுங்கு,
மீதியை செல்போன் வெளிச்சத்தில் கை சொன்னது.

பதினாறு வயதில் வீட்டை விட்டாராம்.
ஒரே அறையில் பத்துப் பையன்கள், பத்துக் கம்ப்யூட்டர்.
விளையாட்டுதான் வேலை, தினம் பதினான்கு மணி நேரம்.
சுரங்கம் தோண்டு, படை கட்டு,
அந்தப் பக்கத்தான் என்ன கட்டுகிறான் என்று பார்க்க
இருட்டுக்குள் ஒரு கூலியாளை அனுப்பு.
"திரும்பி வருவானா?" என்றாள் நாகமல்லேஸ்வரி.
"வர மாட்டான். பார்த்துவிட்டுச் சாவான்."
அவள் பிறகு எதுவும் கேட்கவில்லை.

நிமிடத்துக்கு முந்நூற்று எண்பது தட்டு.
அவரையும் ஒருவன் எண்ணியிருக்கிறான்,
நாற்காலிக்குப் பின்னால் நின்று, இதே மாதிரி அட்டையோடு.
ஆறாயிரம் பேர் அவர் பெயரைக் கத்திய ராத்திரி ஒன்று உண்டு.
(அந்தப் பெயரைச் சரியாகக் கத்தியிருப்பார்கள்.)
அது அரையிறுதி. இறுதியில் தோல்வி.
தோற்றவன் ஜீஜீ என்று இரண்டு எழுத்து தட்டிவிட்டு எழ வேண்டும்,
அது மரியாதை.
இருபத்து மூன்றில் மணிக்கட்டு வீங்கியது,
இருபத்து நான்கில் கத்தி,
பிறகு பட்டாளம், பிறகு மாமாவின் சிபாரிசு,
பிறகு தடா.
தழும்பைக் காட்டினார்.
ஒயரின் தோலை உரித்து மறுபடி ஒட்டியது போல இருந்தது.

அடுத்த வாரம் என் ஸ்டூலுக்குப் பின்னால் வந்து நின்றார்.
ஏழு நொடி குறைந்தால்
பன்னிரண்டு ஸ்டூல் பதினொன்று.
கணக்கு எங்களுக்கும் தெரியும்.
என் விரல் நாற்பத்தாறில் முடிக்கும்.
நான் டேப்பைத் தவறவிட்டேன், நுனியைத் தேடினேன்,
முதல் நாள் வந்தவளைப்போல முழித்தேன்.
ஐம்பத்து மூன்று.
"இன்னொரு தடவை," என்றார். தமிழில்.
மறுபடியும் செய்தேன்.
மறுபடியும் ஐம்பத்து மூன்று, அச்சு பிசகாமல்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.
நிஜமாகவே மெதுவானவள்
இரண்டு தடவையும் ஒரே நொடியில் வந்து நிற்க மாட்டாள்.

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்.
ஐம்பத்து மூன்று என்று எழுதிக்கொண்டார்.

நான்கு மாதம் தாங்கியது பன்னிரண்டு.
பிறகு கூரையில் கேமரா வைத்தார்கள்.
அதற்குக் கழுத்துமில்லை, அட்டையுமில்லை,
எங்களை இன்னொரு தடவை செய்யச் சொல்லவுமில்லை.
நாகமல்லேஸ்வரி இப்போது சூலூர்பேட்டையில் இறால் உரிக்கிறாள்,
கிலோ கணக்கில் கூலி.
அவளுக்கும் முன்னால் போனவர் தோ சார்.
எண்ண ஆள் தேவைப்படவில்லை.

போகிற அன்று லைன் ஓரமாக நடந்து வந்தார்.
என் மேசையில் ஒரு விரலால்
தட்டினார், இரண்டு தட்டு.

நான் டேப் சுற்றிக்கொண்டிருந்தேன்.
நிமிர்ந்திருக்கலாம்.
மூன்று நொடி ஆகியிருக்கும்.